பருவத்தின் முதல் கனி யாருக்கு?



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், நம் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக. ஆமீன்.

  

மதீனாவில் ஒரு வழக்கம் இருந்தது. பேரீச்ச மரத்தில் அந்த ஆண்டின் முதல் காய் பழுத்ததும், மக்கள் அதைப் பறித்துக்கொண்டு நேரே நபி (ஸல்) அவர்களிடம் வருவார்கள். நபியவர்கள் அதைக் கையில் வாங்கி துஆ செய்வார்கள். எங்கள் கனிகளில் பர்கத் செய், எங்கள் ஊரில் பர்கத் செய், எங்கள் அளவைகளான ஸாஃவிலும் முத்திலும் பர்கத் செய் என்று அல்லாஹ்விடம் கேட்பார்கள். பிறகு அந்தக் கனியை என்ன செய்வார்கள் தெரியுமா? தாங்கள் உண்ண மாட்டார்கள். அங்கே இருக்கிற பிள்ளைகளில் ஆகச் சிறிய பிள்ளையை அழைத்து அதன் கையில் கொடுத்துவிடுவார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

இந்த ஒரு ஹதீஸில் மூன்று பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, பருவத்தின் விளைச்சலைக் கண்டால் மகிழ வேண்டும், அந்த மகிழ்ச்சி துஆவாக வெளிப்பட வேண்டும். இரண்டு, நம் ஊரின் விளைச்சலை நம் ஊரின் நிஃமத்தாகப் பார்க்க வேண்டும். மூன்று, அந்த மகிழ்ச்சியின் முதல் பங்கு நமக்கு அல்ல, நம்மில் சிறியவருக்கு. இன்றைய பயான் இந்த மூன்றையும் பற்றியதுதான்.

இது ஆடி மாதம். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று நம் பாட்டன்மார் சொல்லி வைத்தார்கள். ஆடிப் பட்டம் என்பது உழவர்களின் காலக்கணக்கு. வெயில் தணிகிறது, காற்று திரும்புகிறது, அவ்வப்போது மழை இறங்குகிறது. இப்போது அவரை விதைத்தால் மார்கழி, தை மாதங்களில் கொடி நிறையக் காய்க்கும். கத்தரி, வெண்டை, சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பூசணி எல்லாவற்றுக்கும் இது நல்ல நேரம். ஆகவே இந்த ஜும்ஆவில் விதையைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

உன் உணவைப் பார்

அபஸ அத்தியாயத்தில், 24ஆம் வசனம் முதல், மனிதன் தன் உணவைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கட்டும் என்று அல்லாஹ் சொல்கிறான். சொல்லிவிட்டு அந்த உணவு வந்த வழியை வரிசையாகக் காட்டுகிறான். மழையைப் பொழிந்தது, பூமியைப் பிளந்தது, அதிலிருந்து தானியமும் திராட்சையும் காய்கறியும் ஒலிவமும் பேரீச்சையும் அடர்ந்த தோப்புகளும் முளைத்தது. இது நமக்கும் நம் கால்நடைகளுக்கும் என்று முடிக்கிறான்.

நாம் உணவைச் சாப்பிடுகிறோம். பார்க்கிறோமா? தட்டில் இருக்கிற கத்தரிக்காய் எந்த ஊரில் விளைந்தது, யார் பறித்தார்கள், அவருக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வி நம் மனதில் வருவதே இல்லை.

அர்-ரஃத் அத்தியாயத்தின் 4ஆம் வசனத்தில் இன்னோர் அத்தாட்சியை அல்லாஹ் சொல்கிறான். பூமியில் ஒன்றை ஒன்று ஒட்டிய நிலங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பாய்வது ஒரே தண்ணீர். ஆனாலும் ஒன்றின் கனியை மற்றொன்றைவிடச் சுவையில் மேலாக்குகிறோம் என்கிறான். அப்படியானால் ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு சுவை இருக்கிறது. அந்தச் சுவை அல்லாஹ்வின் அத்தாட்சி. சிந்திப்பவர்களுக்கு அதில் பாடம் இருக்கிறது.

நம் காஞ்சிபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதை ஏரி மாவட்டம் என்று சொல்வார்கள். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஓர் ஏரி, அதன் கரை, அதற்குக் கீழே நெல் வயல். பாலாறு பெரும்பாலான நாட்களில் மணலாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த மணலுக்கு அடியில் ஓடும் நீரால் எத்தனையோ கிணறுகள் ஊறுகின்றன. நெல்லும் நிலக்கடலையும் கீரையும் கத்தரியும் வெண்டையும் நம் சுற்று வட்டாரத்தில் விளைகின்றன. கோடையில் சாலை ஓரமாகக் குவித்து வைத்திருக்கும் தர்பூசணியை உங்களில் சாப்பிடாதவர் யார்?

இந்த ஊரின் பெயர் உலகம் முழுவதும் போனது பட்டால். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து இது காஞ்சிபுரத்தில் நெய்ததுதானா என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறார்கள். அப்படிக் கேட்டால் நெசவாளிக்கு மரியாதை, அவர் வீட்டில் அடுப்பு எரியும் என்று நமக்குத் தெரியும். அதே கேள்வியை நாம் காய்கறிக் கடையில் கேட்டால் பக்கத்து ஊர் விவசாயிக்கு அதே மரியாதை கிடைக்கும் அல்லவா?

இங்கே ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். வெளியூர்ப் பொருளை வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. குளிர்காலத்திலும் கோடையிலும் வணிகப் பயணம் போன குறைஷிகளைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. நம் பட்டுக்கே கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. வியாபாரம் ஹலால். ஆப்பிள் சாப்பிடுவதும் ஹலால். ஆனால் நம் ஊர் மண்ணில், நம் ஊர் மழையில் விளைந்ததைத் தாழ்வாக நினைத்து ஒதுக்குவது நிஃமத்தை மதிக்காத குணம். கொய்யாவைக் கொடுத்தால் முகம் சுளிக்கிற பிள்ளைகளை நாம் வளர்த்துக்கொண்டிருக்கிறோம். அதுதான் கவலை.

தையற்காரர் வைத்த விருந்து

நபி (ஸல்) அவர்கள் எதை விரும்பிச் சாப்பிட்டார்கள் என்று பாருங்கள். ஒரு தையற்காரர் தாம் சமைத்த உணவுக்கு நபியவர்களை அழைத்தார். அனஸ் (ரலி) அவர்களும் உடன் போனார்கள். வைக்கப்பட்டது வாற்கோதுமை ரொட்டி, சுரைக்காயும் உப்புக்கண்டமும் போட்ட ஒரு குழம்பு. நபியவர்கள் தட்டைச் சுற்றிச் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடித் தேடி எடுத்து உண்டதை அனஸ் (ரலி) பார்த்தார்கள். அன்றிலிருந்து எனக்கும் சுரைக்காய் பிடித்துப்போனது என்று சொன்னார்கள். இது புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி.

சகோதரர்களே! விருந்து கொடுத்தவர் பணக்காரர் அல்ல, ஊசி நூலை நம்பி வாழ்ந்த ஒரு தொழிலாளி. இந்த ஊரில் நூலை நம்பி வாழும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டில் சுரைக்காய்க் குழம்புதான் இருக்கும். அதைக் குறையாக நினைக்காதீர்கள். நபியவர்கள் விரும்பி உண்ட காய் அது. வெள்ளரிக்காயைப் பேரீச்சம் பழத்தோடு சேர்த்து உண்டார்கள் என்றும் புகாரீயில் வருகிறது. பருவத்தில் எது கிடைத்ததோ அதை உண்டார்கள், ருசித்து உண்டார்கள், அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

அறுவடை நாளின் ஹக்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அல்-அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனம். பலவகைத் தோட்டங்களையும் பேரீச்சையையும் பயிர்களையும் ஒலிவத்தையும் மாதுளையையும் படைத்ததைச் சொல்லிவிட்டு அல்லாஹ் மூன்று கட்டளைகள் இடுகிறான். அது காய்த்ததும் உண்ணுங்கள். அறுவடை நாளிலேயே அதன் ஹக்கைக் கொடுத்துவிடுங்கள். வீண் விரயம் செய்யாதீர்கள்.

முதல் கட்டளையே உண்ணுங்கள் என்பதுதான். அனுபவியுங்கள் என்கிறான். இந்த மார்க்கம் கனியைக் கண்டு மகிழ்வதைத் தடுக்கவில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சியை ஒட்டியே ஒரு கடமையை வைக்கிறான். விளைந்ததில் உன் பங்கு மட்டும் இல்லை, இன்னொருவரின் பங்கும் இருக்கிறது. அது நீ போடுகிற பிச்சை அல்ல, அவருடைய ஹக்.

மழையாலும் ஊற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு, இறைத்து நீர் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒரு பங்கு என்று நபி (ஸல்) அவர்கள் அளவும் சொன்னார்கள். இது புகாரீயில் இருக்கிறது. எந்தெந்த விளைச்சலுக்கு இது கடமை என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. காய்கறி உட்பட நிலத்தில் விளையும் எல்லாவற்றிலும் உண்டு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. சேமித்து வைக்கத்தக்க விளைச்சல் ஐந்து வஸக் அளவை எட்டினால்தான் என்பது மற்ற பல இமாம்களின் கருத்து. நிலம் வைத்திருப்பவர்கள் உலமாக்களிடம் நேரில் வந்து உங்கள் நிலத்தின் விவரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஹக்கை மறுத்தவர்களின் கதை அல்-கலம் அத்தியாயத்தில் 17ஆம் வசனம் முதல் வருகிறது. ஒரு தோட்டம். அதன் சொந்தக்காரரான தந்தை இருந்தவரை ஏழைகளுக்கு உரியதைக் கொடுத்துவந்தார் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். அவருக்குப் பின் பிள்ளைகள் திட்டம் போட்டார்கள். விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் பறித்துவிடுவோம் என்று சத்தியம் செய்தார்கள். அல்லாஹ் நாடினால் என்றுகூடச் சொல்லவில்லை. இன்றைக்கு ஓர் ஏழையும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டே நடந்தார்கள். ஆனால் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்த இரவிலேயே தோட்டம் அழிந்துபோயிருந்தது. போய்ப் பார்த்தவர்கள் முதலில் வழி தவறி வேறு இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தார்கள். பிறகுதான் புரிந்தது.

அவர்கள் திருடவில்லை. அடுத்தவன் தோட்டத்தில் கை வைக்கவில்லை. தங்கள் தோட்டத்தைத் தாங்களே பறிக்கப் போனார்கள். குற்றம் என்ன? ஏழை வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அந்த எண்ணம்தான்.

"ஹஜ்ரத், எங்களுக்கு ஏது தோட்டம், ஏது அறுவடை?" என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்துப் பாருங்கள். ஏரி நிரம்பினால் விவசாயிக்குச் சந்தோஷம். அதே மழையில் குழித்தறி வைத்திருக்கும் நெசவாளியின் வீட்டில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறுகிறது. பாவு தெருவில் விரித்துக் காய வைக்க முடியாது. ஈரக் காற்றில் இழை சரியாக நிற்காது. வேலை நிற்கிறது, கூலி நிற்கிறது. ஒரே மழை ஒருவருக்கு அறுவடையைத் தருகிறது, அடுத்தவருக்கு அடுப்பை அணைக்கிறது. அல்லாஹ் ஏன் அறுவடையில் ஒரு ஹக்கை வைத்தான் என்பது இங்கே விளங்குகிறது. மழையால் பெற்றவர் மழையால் இழந்தவரைத் தேடிப் போக வேண்டும். கடையில் நல்ல வியாபாரம் நடந்த மாதம் உங்கள் அறுவடை மாதம்தான். சம்பளம் கையில் வரும் நாள் உங்கள் அறுவடை நாள்தான். பயிரின் உஷ்ர் சட்டம் இதற்குப் பொருந்தாது, ஸகாத்தின் கணக்கு வேறு. ஆனால் அந்த நாளில் யாரை நினைக்க வேண்டும் என்ற பாடம் ஒன்றே.

முந்நூறு கன்றுகள்

இப்போது சேர்ந்து நடுவதைப் பற்றிச் சொல்கிறேன். ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் பாரசீகத்திலிருந்து சத்தியத்தைத் தேடிப் புறப்பட்டவர். வழியில் ஏமாற்றி விற்கப்பட்டு, மதீனாவில் ஒருவரிடம் அடிமையாக இருந்தார். இஸ்லாத்தை ஏற்ற பிறகும் அடிமைத்தனம் அவரைக் கட்டிப்போட்டிருந்தது. நபி (ஸல்) அவர்கள், உம் எஜமானரிடம் விடுதலைக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் என்றார்கள். எஜமானர் கேட்ட விலை என்ன? முந்நூறு பேரீச்சங்கன்றுகளை நட்டு உயிர்ப்பித்துத் தர வேண்டும், கூடவே நாற்பது ஊக்கியா தங்கம்.

தனி மனிதரால் முடியுமா? நபியவர்கள் தோழர்களைப் பார்த்து உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்றார்கள். ஒருவர் முப்பது கன்று கொண்டுவந்தார். ஒருவர் இருபது. ஒருவர் பதினைந்து. ஒருவர் பத்து. அவரவரிடம் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். முந்நூறு சேர்ந்தது. போய்க் குழிகளைத் தோண்டும், தோண்டி முடித்ததும் என்னிடம் சொல்லும், நானே என் கையால் நடுகிறேன் என்றார்கள் நபியவர்கள். தோழர்களும் ஸல்மானும் சேர்ந்து குழி தோண்டினார்கள். ஒவ்வொரு கன்றாக எடுத்துக் கொடுக்க, நபியவர்கள் தம் கையால் நட்டார்கள். ஒரு கன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று ஸல்மான் (ரலி) அவர்களே அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொல்கிறார்கள். பின்னர் தங்கமும் கிடைத்தது, அவர் விடுதலையானார். இந்த நீண்ட செய்தி முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது.

இதைவிடச் சிறந்த நடவு விழா எதைச் சொல்வேன்? அங்கே பணக்காரர், ஏழை எல்லோரும் மண்ணில் நின்றார்கள். தூதரின் கை மண்ணில் பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் அந்நியருக்காக ஓர் ஊரே குழி வெட்டியது. அந்த நடவினால் ஒரு மனிதனின் கழுத்திலிருந்த விலங்கு கழன்றது. நாம் மரம் நடுகிறோம் என்றால் படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. அந்த நடவினால் யாருடைய பாரம் குறைந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

நம் தமிழ்நாட்டில் ஒரு விதைத் திருவிழா

இந்த மண்ணிலும் அப்படி ஒரு முயற்சியைப் பார்த்தோம். திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கம் என்ற ஊரில் 2006ஆம் ஆண்டு நெல் திருவிழாவைத் தொடங்கினார்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் நடந்த நெல் ஜெயராமன் அதை முன்னின்று நடத்தினார். ஊர் ஊராகத் தேடி 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை அவர் திரட்டினார். திருவிழாவுக்கு வரும் விவசாயிகளுக்கு இரண்டு கிலோ விதை நெல் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் நான்கு கிலோவாகத் திருப்பித் தருவார்கள், அது இன்னும் பலருக்குப் போகும். இப்படி மறைந்துபோகவிருந்த விதைகள் ஆயிரக்கணக்கான வயல்களுக்குத் திரும்பின. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். விதை அவரோடு போகவில்லை.

அவர் நோக்கம் வட்டி வாங்குவதல்ல, விதை பெருக வேண்டும் என்பதுதான். அதை நாம் மதிக்கிறோம். ஆனால் இதை நம் மஹல்லாவில் செய்ய நினைத்தால், முஸ்லிம்களாகிய நாம் ஒரு சட்டத்தைக் கவனிக்க வேண்டும். கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சை, உப்பு இவற்றை அதே இனத்துக்கு மாற்றும்போது அளவு சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும் என்று நபியவர்கள் சொன்னார்கள். நெல்லையும் அரிசியையும் ஃபிக்ஹ் அறிஞர்கள் இதில் சேர்த்திருக்கிறார்கள். கடனாகக் கொடுக்கும்போதே கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் அது ரிபாவாகிவிடும். பணமாக இருந்தாலும் நெல்லாக இருந்தாலும் அதே சட்டம்தான்.

அப்படியானால் வழி என்ன? எளிய வழி இருக்கிறது. விதையைக் கடனாகக் கொடுக்காதீர்கள், ஹதியாவாகக் கொடுங்கள். திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையே வேண்டாம். விளைந்தவர் தம் மன விருப்பத்தோடு எவ்வளவு கொண்டுவந்தாலும் அது அவர் தரும் ஹதியா. நபி (ஸல்) அவர்கள் வாங்கிய ஒட்டகக் கடனுக்கு அதைவிடச் சிறந்த ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுத்து, அழகிய முறையில் கடனைத் தீர்ப்பவரே சிறந்தவர் என்று சொன்னார்கள். நிபந்தனை இல்லாமல் கூடுதலாகக் கொடுப்பது பெருந்தன்மை. நிபந்தனையோடு கேட்பது ரிபா. இரண்டுக்கும் இடையே வாசல் ஒன்றுதான், ஆனால் உள்ளே இருப்பது வேறு.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, வீடு. தறி வைத்த வீட்டில் இடம் ஏது என்பீர்கள். ஒரு பழைய வாளி, ஒரு சிமெண்ட் சாக்கு போதும். அரசின் தோட்டக்கலைத் துறை மாடித் தோட்டத்துக்கென்று பைகள், தென்னை நார்க் கழிவு, விதைகள் எல்லாம் சேர்த்து மானிய விலையில் கொடுத்து வந்திருக்கிறது. அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வரும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். விதையைப் போட்டுவிட்டு, முளைக்க வைப்பவன் யார் என்ற அல்-வாகிஆ அத்தியாயத்தின் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். தவ்ஹீதை அவர்கள் தொட்டியில் பார்ப்பார்கள்.

இரண்டாவது, பள்ளிவாசல். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுளூ செய்தார்கள். இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு அது. நாம் எவ்வளவு திறந்துவிடுகிறோம்? வுளூ செய்து வழிந்த நீரால் மீண்டும் வுளூ செய்ய முடியாது, ஆனால் செடிக்கு ஊற்றலாம், தடையில்லை. பள்ளியின் இடத்தில் நடுவதென்றால் முதவல்லியிடமும் ஜமாஅத்திடமும் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டும். வக்ஃப் இடத்தில் விளைவதை அவரவர் பறித்துக்கொண்டு போகக் கூடாது. யாருக்குப் போக வேண்டும் என்று முதலிலேயே பேசி எழுதிவிடுங்கள்.

இந்த ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ருக்குப் பிறகு நாம் கூடலாம். வீட்டில் விதை எடுத்து வைத்திருக்கும் தாய்மார்கள் ஒரு பிடி கொடுத்தனுப்பட்டும். அவரை விதை ஒருவரிடம், சுரை விதை ஒருவரிடம் இருக்கும். மக்தப் பிள்ளைகள் கையால் நடட்டும். தை மாதத்தில் காய்க்கும்போது மறுபடி கூடுவோம். முதல் காய் யாருக்கு? அந்த மஜ்லிஸில் ஆகச் சிறிய பிள்ளைக்கு. அடுத்த கூடை யாருக்கு? மழைக்காலத்தில் வேலை நின்றுபோன வீடுகளுக்கு. பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்காமல், வாசலில் வைத்துவிட்டு வருவோம்.

மூன்றாவது, சந்தை. 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியது. தரகர் இல்லாமல் விவசாயி நேராக விற்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அப்படி நேராக விற்பவரிடம் வாங்குங்கள். விடியற்காலையில் பஸ் ஏறிக் கீரைக் கூடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்டாதீர்கள். பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோம் அல்லவா? விற்கும்போதும் வாங்கும்போதும் தாராளமாக நடப்பவருக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்வானாக என்று நபியவர்கள் துஆ செய்திருக்கிறார்கள். புகாரீயில் இருக்கும் அந்த துஆ நமக்கு வேண்டாமா? தோப்புக் குத்தகை எடுக்கும் சகோதரர்களும் கவனியுங்கள். கனி பக்குவம் காட்டுமுன் விற்பதை நபியவர்கள் தடுத்தார்கள். அல்லாஹ் அந்தக் கனியைத் தடுத்துவிட்டால் சகோதரனின் பணத்தை எந்த உரிமையில் எடுத்துக்கொள்வாய் என்று கேட்டார்கள். பூவிலேயே விலை பேசும் வழக்கம் இருந்தால் உலமாக்களிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது, பக்கத்து வீடு. இது கோயில்கள் நிறைந்த ஊர். நம் தெருவில் எல்லா மதத்தாரும் வாழ்கிறார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டைவீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அண்டைவீட்டாரின் ஹக் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்ததை நபியவர்களிடம் கேட்டிருக்கிறேன் என்றார்கள். கறி கொடுத்தால் வாங்கத் தயங்கும் வீடுகள் உண்டு. கொத்துக் கீரையையும் நாலு முருங்கைக்காயையும் வேண்டாம் என்று சொல்லும் வீடு ஏது? நம் மாடியில் காய்த்தது என்று கொடுத்துப் பாருங்கள். எத்தனையோ மேடைப் பேச்சுகள் செய்யாத வேலையை அது செய்யும்.

ஒன்றும் வீணாகாது

"கஷ்டப்பட்டு வைத்தேன் ஹஜ்ரத், அணில் கடித்துவிட்டது, கிளி கொத்திவிட்டது, முருங்கையை யாரோ இரவில் ஒடித்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்று வருத்தப்படுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நற்செய்தி. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து உண்ணப்பட்டதும் அவருக்கு ஸதகா, திருடப்பட்டதும் ஸதகா, விலங்கும் பறவையும் தின்றதும் ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. திருடியவனுக்கு அவன் பாவம் உண்டு. ஆனால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. எந்த வியாபாரத்தில் இப்படி ஒரு கணக்கு உண்டு?

காய்க்குமா, நாம் இருப்போமா என்ற கேள்வியும் வேண்டாம். கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத் நாள் வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடுங்கள் என்று சொன்னார்கள் நம் தூதர். பலனை நான் உண்பேன் என்பதற்காக மட்டும் நடுபவர் கியாமத் வருகிற நேரத்தில் நட மாட்டார். பலன் அல்லாஹ்வுடையது, நடுவது என் வேலை என்று நினைப்பவர் நடுவார்.

ஆகவே சகோதரர்களே, இந்த வாரம் ஒரு விதை போடுங்கள். அது காய்க்கும்போது துஆ செய்யுங்கள். முதல் காயைச் சிறியவருக்குக் கொடுங்கள். பிறகு நீங்களும் உண்ணுங்கள், ருசித்து உண்ணுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் விளைச்சலில் பர்கத் செய்வாயாக. எங்கள் ஊரில், எங்கள் ஏரிகளில், எங்கள் மழையில் பர்கத் செய்வாயாக. உழுகிற கைகளுக்கும் நெய்கிற கைகளுக்கும் ஹலாலான ரிஸ்கை விசாலமாக்குவாயாக. ஏழையைக் கண்டு கதவைச் சாத்தும் மனதை எங்களுக்குத் தராதிருப்பாயாக. எங்கள் பிள்ளைகளை உன் நிஃமத்தை அறிந்து நன்றி செலுத்துபவர்களாக ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.